பூத்துப்போன வண்டியும் அப்பாவோட பனியன் துணியும்

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்டுல தங்கமணி கொடுக்கற ஆணி அதைவிட ஜாஸ்தி. இன்னிக்கு ஒரு பழைய கதையும் ஒரு புதுக் கதையும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. ரெண்டுமே கார் பெயிண்ட் பத்தினதுதான். கொசுவத்தி கொஞ்சம் நீளமாச் சுத்தும், பொறுத்துக்கோங்க.

புனே வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆகுது. இது வண்டிக்காரங்க ஊர். டாடா, பஜாஜ்னு பிம்ப்ரி-சின்ச்வட் பக்கம் திரும்பின பக்கமெல்லாம் ஃபேக்டரி. நம்ம வண்டி எட்டு வருஷப் பழசு, கரு நீலம். அப்பா கரூர்லேர்ந்து வர்றாருன்னதும், வண்டியைக் கொஞ்சம் பளபளன்னு வெச்சுக்கலாமேன்னு ஒரு கடையில மெஷின் பாலிஷுக்கு விட்டேன். எந்தக் கடைன்னு கேக்காதீங்க, அது வேண்டாம். சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்தப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அய்யாயிரம் ரூபா கொடுத்தது சரிதான்னு தோணிச்சு.

ரெண்டு தடவை கழுவினேன். மூணாம் நாள் காலையில பார்க்கிங்ல வெயில் விழுந்தப்போ பார்த்தா, பானெட் முழுக்கப் பாலை ஊத்தித் துடைச்ச மாதிரி ஒரு வெள்ளை மூட்டம். நீலம் நீலமா இல்லை, சாம்பல் கலந்த நீலமா இருக்கு. கடைக்காரரைக் கேட்டா, "இன்னொரு ரவுண்டு கட்டிங் காம்பவுண்ட் போட்டாப் போயிடும் சார், போகலைன்னா பானெட்டை ரீபெயிண்ட் பண்ணிடலாம்"னு சாதாரணமாச் சொல்றார்.

அப்பாவுக்கு அப்பதான் வலது கண்ணுல புரை எடுத்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது. இடது கண்ணு இன்னும் பாக்கி. மனுஷன் வண்டி பக்கத்துல வந்து, நேராப் பார்க்காம, குனிஞ்சு, மாடி கிரில்லோட நிழல் பானெட்ல எப்படி விழுதுன்னு பார்த்தார். கையை வைக்கவே இல்லை. வாயால ஊதித் தூசியைத் தள்ளினார்.

"பூத்துருக்குது கண்ணு. வண்டியில ஒண்ணும் தப்பில்ல. தேச்ச கையிலதான் தப்பு."

"இன்னொரு தடவை தேய்க்கலாங்கறாங்கப்பா."

"அவன் தேய்ப்பான். பெயிண்டு யாரு ஊட்டுது?"

அப்பா பஸ் பெயிண்டர். கரூர் பஸ் பாடி கட்டுற ஊருன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும். அங்க ஒரு ஷெட்டுல பதினாலு வயசுல பட்டி பார்க்கற பையனாச் சேர்ந்து, கன் பிடிக்கற பெயிண்டரா ஓய்வு வாங்கினவர். ஆனா மெஷின் பாலிஷ், கிளியர் கோட் எல்லாம் அவர் காலத்துக்குப் பிந்தின சமாச்சாரம். எனக்கோ அதெல்லாம் படிச்சுத் தெரியும், கையால ஒண்ணும் தெரியாது. இந்த ரெண்டு அரைகுறையும் சேர்ந்து ஒரு ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சோம்னு சொல்றதுக்கு முன்னாடி, கார் பெயிண்டோட கதையைச் சொல்லியாகணும். ஏன்னா இந்த மூட்டம் எங்கேர்ந்து வந்துச்சுங்கறதுக்கான பதில் அந்தக் கதையிலதான் இருக்கு.

துப்பாக்கிப் பஞ்சும் கார் பெயிண்டும்

மொதமொத கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடிக்கற பெயிண்டைத்தான் அடிச்சாங்க. எண்ணெய் கலந்த பெயிண்ட், மேல வார்னிஷ். பிரஷ்ஷால ஒரு கோட், காய விட்டு, தேய்ச்சு, அடுத்த கோட். இப்படி ஒரு வண்டி முடியறதுக்குப் பல வாரம் ஆகும்.

1913-ல ஃபோர்டு ஓடுற அசெம்பிளி லைன் கொண்டுவந்தார். பன்னிரண்டரை மணி நேரம் பிடிச்ச சேஸிஸ் வேலை, 1914-க்குள்ள சுமார் 93 நிமிஷமாக் குறைஞ்சது. வண்டி ஒன்றரை மணி நேரத்துல உருவாகுது, பெயிண்ட் மட்டும் வாரக்கணக்குல காய்ஞ்சா எப்படி? அதனால ஃபோர்டு, தார் மாதிரியான ஆஸ்ஃபால்ட் கலந்த கறுப்பு எனாமலை அடிச்சு சூளையில சுட்டு எடுத்தார். 1914-லேர்ந்து 1925 வரைக்கும் மாடல் டி வண்டி கறுப்புல மட்டும்தான் வந்துச்சு.

இந்த முடிச்சை அவிழ்த்தது பெயிண்ட் கம்பெனி இல்லை, வெடிமருந்து கம்பெனி. பஞ்சை நைட்ரிக் அமிலத்துல (கூடவே கந்தக அமிலமும்) ஊற வெச்சா நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். 1846-ல ஸ்விட்சர்லாந்துல ஷோன்பைன் கண்டுபிடிச்ச விஷயம். துப்பாக்கிப் பஞ்சுன்னு பேரு. நம்ம நீலகிரி அருவங்காட்டுல வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பிச்ச கார்டைட் ஃபேக்டரி இருக்கே, அந்தக் கார்டைட்டுக்கும் இதுதான் மூலப்பொருள். பழைய சினிமா ஃபிலிம் சுருள் படக்குன்னு பத்திக்கிட்டதும் இதே சரக்காலதான்.

முதல் உலகப்போருக்கு அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி மலைமலையா வெடிமருந்து செஞ்சது. போர் முடிஞ்சதும் இந்தச் சரக்கை வெச்சு என்ன பண்றதுன்னு யோசனை. நைட்ரோசெல்லுலோஸைக் கரைச்சா கூழ் மாதிரி கெட்டியா இருக்கும், தண்ணியாக்கினா பெயிண்ட்ல சத்து இருக்காது. 1920-கள் தொடக்கத்துல அதை நீர்க்க வைக்கிற வழி அவங்க ஃபிலிம் ஆலையில தற்செயலாக் கிடைச்சது. அதுலேர்ந்து வந்த பெயிண்ட்தான் டூகோ. 1923-ல ஜெனரல் மோட்டார்ஸோட ஓக்லேண்ட் கார் நீலக் கலர்ல, டூகோ பூசி வெளியே வந்துச்சு. வாரங்கள் மணிகளாச்சு.

இங்க ஒரு குட்டி அரசியலும் இருக்கு. டூபாண்ட் கையில ஜெனரல் மோட்டார்ஸோட பங்கு சுமார் 23 சதவீதம் இருந்தது. பங்கு இருக்கறதாலதான் பெயிண்டும் சீட்டுத் துணியும் விக்க முடியுதுன்னு அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, 1957-ல சுப்ரீம் கோர்ட் டூபாண்டுக்கு எதிராத் தீர்ப்பு சொல்லிச்சு. கார் பெயிண்டுக்கு நாட்டோட உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு!

"டூகோ"ங்கற வார்த்தையை நீங்க கேட்டிருப்பீங்க. இன்னிக்கும் நம்ம நாட்டுல மர பீரோவுக்கு ஸ்ப்ரே அடிக்கற ஆசாரி "டூகோ ஃபினிஷ்"னுதான் சொல்றார். நூறு வருஷம் முந்தின ஒரு அமெரிக்க டப்பாவோட பேரு. ஜெராக்ஸ், டால்டா மாதிரி ஒட்டிக்கிச்சு.

தேய்ச்சாத்தான் பளபளப்பு

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டூகோ மாதிரி லாக்கர் பெயிண்ட் எப்படிக் காயும்? உள்ள இருக்கற தின்னர் பறந்துபோகும், அவ்வளவுதான். சீக்கிரம் காயும், ஆனா மேல்பரப்பு மங்கலா, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பா நிக்கும். வார்னிஷ் தானே மின்னும், லாக்கர் தானே மின்னாது. தேய்ச்சு மின்ன வைக்கணும். அதாவது அந்தக் காலத்துல பாலிஷ்ங்கறது பெயிண்ட் வேலையிலயே ஒரு பாகம், பின்னாடி செய்யற அழகு வேலை இல்லை.

இந்தத் தேய்ப்பு ரெண்டு கண்டுபிடிப்புகளுக்கு உரம் போட்டுச்சு. ஒண்ணு, 1921-ல 3எம் கம்பெனி கொண்டுவந்த, தண்ணியில நனைச்சுத் தேய்க்கற சாண்ட் பேப்பர். அப்பா பாஷையில "வாட்டர் பேப்பர்". காய்ச்சலாத் தேய்ச்சா பறக்கற தூசியை இது அடக்கிடுச்சு. இன்னொண்ணு, ரெண்டு கலர் கார் ஃபேஷனானப்போ, கோடு பிசகாமப் பெயிண்ட் அடிக்க முடியாம ஒர்க்‌ஷாப்ல பெயிண்டர்கள் திட்டினதைக் கேட்டு, அதே கம்பெனியோட ரிச்சர்ட் ட்ரூ 1925-ல செஞ்ச மாஸ்கிங் டேப். இன்னிக்கு வீட்டுக்கு வீடு இருக்கற அந்த டேப் கார் பெயிண்ட் ஷெட்டுல பொறந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். நம்மகிட்ட ரொம்ப நாளைக்கு இருந்ததே விரல்விட்டு எண்ணற அளவு வண்டிதான். 1957-லேர்ந்து 2014 வரைக்கும் வந்த அம்பாசிடர், பம்பாயோட ஃபியட் (பிற்பாடு பத்மினின்னு பேர் மாறிச்சு), அப்புறம் மெட்ராஸ்லயே செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதுகளுக்கு ஒர்க்‌ஷாப்ல திரும்பப் பெயிண்ட் அடிக்கறதுன்னா என்.சி. பெயிண்ட், அதாவது அதே நைட்ரோசெல்லுலோஸ் குடும்பம். அப்பா பஸ்ஸுக்கு அடிச்சது சிந்தெடிக் எனாமல். ஆனா ஷெட் முதலாளியோட சொந்தக்காரங்க, டாக்டருங்கன்னு யார் காராவது வந்தா என்.சி. அடிக்க அப்பாவைத்தான் கூப்பிடுவாங்களாம்.

அப்ப ஒரு பெரிய தொந்தரவு, மழை நாள். தின்னர் வேகமாப் பறக்கும்போது பெயிண்ட் மேல்பரப்பு சில்லுன்னு ஆயிடும். காத்துல ஈரம் இருந்தா அந்தச் சில்லுல பனி மாதிரிப் படிஞ்சு, பெயிண்ட் வெள்ளையா வெளுத்துரும். அதுக்குத்தான் அப்பா "பூத்துருச்சு"ன்னு சொல்வார். மெதுவாப் பறக்கற தின்னரைக் கொஞ்சம் கலந்து, அப்படியே லேசா ஒரு கோட் விட்டா பூத்தது தெளிஞ்சுரும். ஐப்பசியில ஷெட்டுல அப்பா மொதல்ல பார்க்கறது வானத்தைத்தான். கண்ணுல புரை விழுந்தாலும் எங்க பக்கம் "கண்ணு பூத்துருச்சு"ன்னுதான் சொல்றது. எங்க வண்டியைப் பார்த்து அவர் சொன்னது அந்த வார்த்தைதான். ஆனா இந்தப் பூப்பு வேற பூப்பு.

கார் சொந்தக்காரர் கையில வந்த டப்பா

லாக்கர் பெயிண்ட் வெயில்ல மங்கும். மங்கினா மேல்தோலைச் சீவி எடுத்தா அடியில புதுக் கலர். இதுக்காகவே வந்த வியாபாரம்தான் கார் பாலிஷ். அமெரிக்காவுல மெகுயர்ஸ் 1901-ல மர சாமான் பாலிஷ் செஞ்சு ஆரம்பிச்ச குடும்பக் கம்பெனி. அப்புறம் காருக்குத் திரும்பிச்சு. 2008-ல அதையும் 3எம் வாங்கிருச்சு.

மேல பூசற வேக்ஸுக்கு ராஜா கார்னாபா. இது பிரேசில் நாட்டு வடகிழக்குல வளர்ற ஒரு பனை. வறட்சியில தண்ணி ஆவியாகாம இருக்க ஓலை மேல அது பூசிக்கற மெழுகை, ஓலையை வெட்டி, காயவெச்சு, தட்டி எடுப்பாங்க. நம்ம பனைக்குத் தூரத்துச் சொந்தம். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பனைன்னா சும்மாவா"ன்னார் :-)

அந்தக் காலத்துல பாலிஷ் போட்டா துணியில கார் கலர் வரும். செவப்பு வண்டி தேய்ச்சா துணி செவக்கும். அப்பா பனியன் வேஸ்ட்தான் உபயோகிப்பார். திருப்பூர் கழிவுத் துணி. அதுல ரப்பிங் காம்பவுண்டைத் தொட்டுத் தேய்ச்சா, துணியில ஏறுற கலரை வெச்சே எவ்வளவு எடுத்திருக்கோம்னு அவருக்குக் கணக்குத் தெரியும். துணிதான் அவரோட மீட்டர்.

கண்ணாடித் தோல் வந்த கதை

1970-கள் கடைசியிலயும் 80-கள்லயும் ஆட்டம் மாறிச்சு. மெட்டாலிக் கலர்ல அலுமினியத் துகள் இருக்கும். அதை நேராத் தேய்ச்சா துகள் கலைஞ்சு திட்டுத் திட்டாத் தெரியும். அதனால கலரைத் தனியா ஒரு மெல்லிய கோட்டா அடிச்சு, அதுக்கு மேல நிறமே இல்லாத ஒரு கோட் அடிக்க ஆரம்பிச்சாங்க. கீழ பேஸ் கோட், மேல கிளியர் கோட். வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரைத் தாங்கற மருந்தும் அந்தக் கிளியர் கோட்லதான் இருக்கு. இது லாக்கர் மாதிரி சும்மா காயறதில்லை, உள்ளுக்குள்ள ரசாயனமாப் பின்னிக்கிட்டு இறுகும். அதனால தேய்க்காமலே மின்னும்.

நம்ம ஊர்ல 1983 டிசம்பர் 14-ல மொத மாருதி 800 சாவியை இந்திரா காந்தி கொடுத்தாங்க. அதுக்கப்புறம் வந்த வண்டிப் பெருக்கத்துல கிளியர் கோட்டும் மெள்ள மெள்ள எல்லா வீட்டுக்கும் வந்துருச்சு.

இப்ப கணக்கைப் பாருங்க. கார் மேல இருக்கற மொத்தப் பெயிண்டும் சுமாரா 100லேர்ந்து 130 மைக்ரான். அதுல கிளியர் கோட் மட்டும் 35லேர்ந்து 50. ஒரு தலைமுடியோட தடிமனே சுமார் 70 மைக்ரான்னு வெச்சுக்குங்க. அதாவது உங்க வண்டியோட பளபளப்பு, வெயில் காப்பு எல்லாம் ஒரு முடியைவிட மெல்லிசான தோல்ல இருக்கு. ஒரு தடவை நல்லாக் கட்டிங் காம்பவுண்ட் போட்டா அதுல ஓரிரண்டு மைக்ரான் போயிடும். போனா வராது. "பெயிண்டு யாரு ஊட்டுது"ன்னு அப்பா கேட்டது மைக்ரான் தெரியாமலே கேட்ட கேள்வி. ஆனா சரியான கேள்வி.

சரி, மூட்டம்னா என்ன?

பரப்பு நல்லாச் சமமா இருந்தா வெளிச்சம் ஒரே கோணத்துல திரும்பி வரும். கண்ணாடி மாதிரி உருவம் தெரியும். கண்ணுக்குத் தனித்தனியாத் தெரியாத கோடிக்கணக்கான பொடிக் கீறல் இருந்தா, வெளிச்சத்துல கொஞ்சம் அக்கம்பக்கம் சிதறும். அந்தச் சிதறல்தான் பால் மாதிரித் தெரியற மூட்டம். வெள்ளை வண்டியில இது தெரியாது, கறுப்பு, கருநீலத்துல அப்பட்டமாத் தெரியும். பளபளப்பு மீட்டர்ல நல்ல எண் காட்டும், ஆனா கூடவே மூட்டமும் இருக்கும். ரெண்டும் வேற வேற.

கீறல் எங்கேர்ந்து வருது? மெஷின்லயும் ஒரு வரலாறு இருக்கு. பழைய ரோட்டரி மெஷின் ஒரே அச்சுல சுத்தும், கம்பளி பேடு போட்டு அழுத்தினா கெட்ட கீறலையும் சட்டுனு எடுக்கும், ஆனா வெயில்ல அலையலையா வானவில் கோடு விட்டுட்டுப் போகும். சுத்திக்கிட்டே ஆடுற டூயல் ஆக்‌ஷன் மெஷின், சாண்டர் வம்சத்துலேர்ந்து வந்தது, பின்னாடி பிரபலமாச்சு. 2010-கள் தொடக்கத்துல இத்தாலியின் ரூப்பெஸ் கம்பெனி அகலமா ஆடுற மெஷினைக் கொண்டுவந்த பிறகு கடைக்குக் கடை இதுதான். இது அலைக்கோடு விடறது அபூர்வம், ஆனா முரட்டு பேடு, முரட்டு காம்பவுண்டோட முடிச்சிட்டா பரப்பு முழுக்கச் சமமா மூட்டத்தை விட்டுரும்.

எங்க கடைக்காரர் செஞ்சது அதுதான். கட்டிங் மட்டும் பண்ணிட்டு, மெல்லிசு பாலிஷ் போடாம விட்டுட்டார். காம்பவுண்ட்ல இருக்கற எண்ணெய் கீறலுக்குள்ள போய் உக்காந்து ரெண்டு நாளைக்கு மறைச்சிருச்சு. ரெண்டு கழுவுல எண்ணெய் போச்சு, குட்டு வெளிப்பட்டுருச்சு. கட்டிங்கால வந்த மூட்டத்துக்கு மருந்து இன்னொரு கட்டிங் இல்லை. அடுத்த படி மெல்லிசு.

அந்த ஞாயித்துக்கிழமை

பக்கத்து பிளாக் நண்பர்கிட்ட டூயல் ஆக்‌ஷன் மெஷின் இருந்துச்சு. இரவல் வாங்கினேன். வண்டியை நிழல்ல நிறுத்தி, தகடு ஆறுறவரைக்கும் அப்பா தொடவே விடலை.

ஷாம்பூ போட்டுக் கழுவினோம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு அஞ்சு பங்கு தண்ணி கலந்து துடைச்சு, மிச்ச எண்ணெயையும் எடுத்தோம். மூட்டம் இன்னும் ஜாஸ்தியாத் தெரிஞ்சுது. அதுதான் நிஜமான நிலைமை. ஓரம், ரப்பர் பீடிங் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப். பானெட்ல ஒன்றரை அடிச் சதுரம் மட்டும் சோதனைக்கு.

மொதல் சோதனை ஃபெயில். மெஷின்ல ஏற்கனவே இருந்த ஆரஞ்சு ஸ்பாஞ்சு பேடோட மெல்லிசு பாலிஷைப் போட்டு நான் நல்லா அழுத்தித் தேய்ச்சேன். மூட்டம் கொஞ்சம் மெலிஞ்சுது, போகலை.

"துணி மாத்து"ன்னார் அப்பா.

"பேடுங்கப்பா அது."

"எதுவோ ஒண்ணு. அழுக்குத் துணியில ஃபினிஷிங் பண்ணாதே. அப்புறம் எதுக்கு இந்த அழுத்து அழுத்தறே? மாவு ஆட்டறியா?"

புது பேடு, கறுப்புக் கலர்ல ரொம்ப மெத்துன்னு இருக்கற ஃபினிஷிங் ஸ்பாஞ்சு. பட்டாணி அளவுல நாலு சொட்டு பாலிஷ். மெஷின் வேகம் நடுவுல. கையை நொடிக்கு ஒரு இஞ்சு மாதிரி மெதுவா நகர்த்தி, குறுக்க ஒரு தடவை, நெடுக்க ஒரு தடவை, அப்படியே நாலு நடை. கடைசி நடையில அழுத்தமே இல்லை, மெஷினோட எடை மட்டும். மைக்ரோஃபைபர் துணியால துடைச்சு, மறுபடி ஆல்கஹால் போட்டு, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். எல்.ஈ.டி. பல்பு ஒரு புள்ளியா உள்ள தெரியுது. சுத்தி மூட்டம் இல்லை. பக்கத்துல இருந்த பழைய மூட்டத்துக்கும் இதுக்கும் நடுவுல மாஸ்கிங் டேப் கோடு, ரெண்டு வேற வண்டி மாதிரி!

அப்பா என் கையில இருந்த பேடைத் திருப்பிப் பார்த்தார். முகத்துல ஒரு குழப்பம்.

"கலரே ஏறலையே கண்ணு. நீ நெசமாலுமே தேச்சியா?"

சிரிப்பு வந்துருச்சு. கிளியர் கோட் கதையைச் சொன்னேன். நிறமில்லாத தோல், அதனால பாலிஷ் வெள்ளையாவே இருக்கும்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "அப்ப எவ்வளவு எடுத்தோம்னு தேய்க்கறவனுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. மீட்டர் வெச்சு அளக்கலாம், நூத்துல ஒரு கடையில அது இருக்கலாம். பழைய பெயிண்ட் போறேன் போறேன்னு துணியில சொல்லிட்டுப் போச்சு. இது சொல்லாமப் போகுது.

சாயங்காலத்துக்குள்ள பானெட், ரெண்டு முன் கதவு, டிக்கி முடிச்சோம். ஒவ்வொரு பேனலுக்கும் பேடை பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, ரெண்டு பேனலுக்கு ஒரு தடவை பேடு மாத்தி. அப்பா ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு, ஒரு கண்ணை மூடி, பழைய கண்ணால ஒரு தடவை, புதுக் கண்ணால ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருந்தார். "இந்தக் கண்ணுல பார்த்தா இன்னும் பூத்துதான் இருக்குது"ன்னார். தங்கமணி மேல இருந்து, "மாமா, காபி ஆறுது"ன்னு மூணு தடவை கூப்பிட்டாச்சு.

கடைசியா பானெட் நடுவுல இருக்கற மடிப்பு விளிம்பு. ரெண்டு நடை போயிருப்பேன்.

"நிறுத்து!"

பேடைத் திருப்பினேன். கறுப்பு ஸ்பாஞ்சுல அப்பியிருந்த வெள்ளை பாலிஷ்ல, ஓரமா நீலம். அப்பா அதை விரலால தொட்டுப் பார்த்தார். மொதல்ல அவர் முகத்துல ஒரு பழைய பழக்கத்தோட வெளிச்சம், தெரிஞ்ச ஆளைப் பார்த்த மாதிரி. அடுத்த நொடி புரிஞ்சுபோச்சு.

அந்த விளிம்புல கிளியர் கோட்டே இல்லை. விளிம்புல பெயிண்ட் எப்பவுமே மெல்லிசா நிக்கும், மெஷினோட மொத்த அழுத்தமும் அங்கதான் விழும். கடைக்காரர் போட்ட ஒரே ரவுண்டுலயே அது போயிருக்கு. அவர் சொன்ன ரெண்டாவது ரவுண்டுக்கு விட்டிருந்தா, கதவு விளிம்பு, ஃபெண்டர் விளிம்பு எல்லாம் போயிருக்கும்.

"இது இனி கன்னு வேலை. துணி வேலை இல்ல. விட்ரு"ன்னார். விரல் நீளத்துக்கு ஒரு இடம். டேப் ஒட்டி அடையாளம் வெச்சு, மத்த இடத்துக்கெல்லாம் கார்னாபா வேக்ஸ் போட்டு முடிச்சோம். அந்த ஒரு விரல் நீளம் இன்னிக்கும் அப்படியே இருக்கு. மழைக்காலம் முடிஞ்சு பெயிண்ட் அடிக்கணும்.

கதை இங்க முடிஞ்சிருக்கணும். ஆனா ராத்திரி தூக்கம் வரலை.

என் காலேஜ் சேர்க்கை ஃபாரத்துல "தந்தையின் தொழில்"னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல நான் இங்கிலீஷ்ல வியாபாரம்னு எழுதினேன். கூட இருந்த பசங்க அப்பாவெல்லாம் பேங்க், இன்ஷூரன்ஸ். கீழ அப்பா கையெழுத்துப் போடணும். அவர் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பார், பஸ் போர்டு எழுதற கை ஆச்சே. மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சார். அந்தக் கட்டத்துலயும் கண்ணு நின்னுச்சு. ஒண்ணும் கேக்கலை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு ஷெட்டுக்குப் போயிட்டார். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அதைப் பத்திப் பேசினதில்லை.

மறுநாள் காலையில காபியோட போய் உக்காந்து, "அப்பா, அந்தக் காலேஜ் ஃபாரம் ஞாபகம் இருக்குங்களா?"ன்னு ஆரம்பிச்சேன். அவர் என்னைப் பார்த்து, "அது கெடக்குது உடு. அந்த பேடு எல்லாத்தையும் கழுவி வெச்சியா? காய்ஞ்சா கல்லாயிரும்"னார்.

கழுவி வைக்கலை. போய்க் கழுவினேன்.

உங்க வண்டி யாராவது மெஷின் போட்டு மூட்டமா வந்தா, இது போதும்: ரெண்டு தடவை கழுவிட்டு வெயில்ல பாருங்க, கடை வெளிச்சத்துல பார்த்துக் காசு கொடுக்காதீங்க. மூட்டம் இருந்தா கட்டிங்குக்கு மறுபடி ஒத்துக்காதீங்க, மெத்து பேடு, மெல்லிசு பாலிஷ்னு கேளுங்க. விளிம்புல டேப் ஒட்டச் சொல்லுங்க. பேடு சுத்தமா இருக்கான்னு பாருங்க. வெள்ளை பாலிஷ்ல வண்டிக் கலர் தெரிஞ்சா உடனே நிறுத்தச் சொல்லுங்க.

போன வாரம் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து ஒரு ஃபாரம் கொண்டு வந்தா. தாத்தா, பாட்டி என்ன வேலை பார்த்தாங்கன்னு கேட்டிருந்தது. நானே எழுதிக் கொடுத்தேன்: பஸ் பெயிண்டர், கரூர்.

சரி மக்களே, ஆணி கூப்பிடுது. வரட்டா?